நாற்பத்தொன்று

ஜும்ஆ சந்தையில், புறாக் கூண்டுகளுக்கும்
பழைய கார்பெட் குவியலுக்கும் நடுவே
பிளாஸ்டிக் டப்பாவுக்குள்
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.
ஐந்து தினார் என்றான் சில்ஹெட்காரன்.
மூன்றுக்குக் கொடுத்தான்.
ஒரு யோசனையும் சொன்னான், அது இலவசம்:
"பாலைவனத்து ஜாதி பாய், தண்ணியே வேண்டாம்."

பையில் போட மனம் வரவில்லை.
பஸ் மாறி மங்காஃப் வருகிறவரை
உள்ளங்கையை மூடியும் மூடாமலும் பிடித்திருந்தேன்.
லிஃப்ட் மெக்கானிக்கின் கை.
கிரீஸ் படிந்த ரேகைகள்மேல்
நாலு கால்கள் நடந்து பார்த்துவிட்டு
நின்றுகொண்டன.

முதல் வாரம் எல்லாமே தப்பு.
தக்காளி வைத்தேன், வெள்ளரிக்காய் வைத்தேன்.
மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து,
ஆறவைத்துப் பரப்பினேன்.
ஆறு பேர் அறை. ஏசி பதினெட்டில்.
பத்தொன்பதுக்கு ஏற்றினால்
மேல்கட்டில் இருதயம் விழித்துக்கொள்வான்.
பகல் முழுக்க வெயிலில் சாரம் கட்டுகிறவன்.
அந்தக் குளிர் அவன் சம்பளத்தில் சேர்த்தி.
"ஆமை புகுந்த வீடும்" என்று ஆரம்பித்தவன்
அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு
"சரி, இது வீடா என்ன" என்று
திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் அது கண் திறக்கவில்லை.
தொட்டால் உள்ளே போகும் தலை
வெளியிலேயே கிடந்தது.
கையில் எடுத்தால்
சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு குளிர்.

ஃபஹாஹீலில் மிருக டாக்டர், சிரியாக்காரப் பெண்.
தராசில் வைத்தாள். முப்பத்தெட்டு கிராம்.
என்மேல் கோபப்படாதிருக்க
அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.
உடைந்த அரபியில் நான் கேட்க,
இன்னும் உடைத்து அவள் சொன்னாள்:
பாலைவனம் மேலேதான் காய்ந்திருக்கிறது.
குஞ்சு மேலே வசிப்பதில்லை.
வளைக்குள், இருட்டில், மண் வியர்க்கிற இடத்தில்
அதன் ஓடு வழவழவென்று வளரும்.
காயப்போட்டு வளர்த்தால்
கட்டம் கட்டமாகப் புடைத்துக்கொள்ளும்.
புடைத்தது புடைத்ததுதான்.

ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
வெந்நீர் அல்ல, வெதுவெது. தாடை மட்டம். இருபது நிமிஷம்.
தேங்காய்நார்த் தூள்: பிழிந்தால் சொட்டக் கூடாது.
ஜிர்ஜீர் கீரை. தக்காளிக்கு அடிக்கோடு போட்டு, கூடாது.

மந்தி வாங்கிய அலுமினியத் தட்டில்தான் முதல் குளியல்.
பதினோராம் நிமிஷம் ஒரு கண்.
மற்றதற்கு இன்னும் மூன்று நிமிஷம்.
கழுத்தை முழுசாக நீட்டிக் குடித்தது.
சத்தமே இல்லை,
தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
பிறகு சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக
எதையோ தண்ணீரில் விட்டது.
அதைக் காட்டுவதற்காக
நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிய ஹபீபை எழுப்பி
நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏசியை யாரும் குறைக்கவில்லை.
இருதயம்தான் மீன் மார்க்கெட்டிலிருந்து
ஒரு தெர்மோகோல் பெட்டி தூக்கிவந்தான்.
இறால் நாற்றம் மூன்று நாள் போகவில்லை.
"குளிரை உள்ள வைக்கிற பெட்டி
வெளியேயும் வைக்கும்ல?"
அடுத்த வெள்ளிக்கிழமை கடற்கரையில்
கடல்நுரை பொறுக்கிவந்து உள்ளே எறிந்தான்.
"கணவாய் ஓடு. கடிக்கட்டும். ஓடு ஓட்டுக்கு ஆகும்."
பெயர் வைத்ததும் அவன்தான்: ஃபோர்மேன்.
வெளியே வருகிறான், எல்லாரையும் ஒரு பார்வை,
வேலை ஒன்றும் செய்யாமல் உள்ளே போய்விடுகிறான்.

நேற்று சால்மியாவில் ஒரு லிஃப்ட் குழியில் இறங்கினேன்.
வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
இருபது மாடிக்கும் கீழே, அந்தத் தரையில்
சில்லென்று ஈரம் கசிந்திருந்தது.
இத்தனை வருஷமும் அதை
'ஒழுகல், சரிசெய்யவும்' என்றுதான்
ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.
நேற்றும் அப்படித்தான் எழுதினேன்,
எழுதுவதற்கு முன்
கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன்.

இன்று காலை நாற்பத்தொன்று.
மூன்று கிராமில் பாதி
குடித்த தண்ணீராக இருக்கும் என்கிறான் ஹபீப்.
இருக்கட்டும்.